பழைய லேப்டாப், லினக்ஸ், கொஞ்சம் கணிதம்

பி.எஸ்சி. கணிதம் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விக்கு இந்தப் பதிவில் நிதானமாகப் பதில் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கேள்வி இதுதான்: "மேம், கணக்கு போட்டுப் பாக்க நல்ல சாஃப்ட்வேர் இருக்கா? காசு கொடுத்து வாங்க முடியாது. வீட்ல இருக்கறது அண்ணனுக்கு ஸ்கூல்ல கொடுத்த பழைய லேப்டாப்தான்."

இருக்கிறது. ஒன்றுக்கு ஐந்தாறு இருக்கின்றன. உலகத்தின் பெரிய கணித ஆய்வுக்கூடங்களில் ஓடும் அதே மென்பொருள், நம் லால்குடியில் இருக்கும் அந்தப் பழைய லேப்டாப்பிலும் ஓடும். எதற்கும் காசு கட்ட வேண்டாம், திருட்டுப் பிரதியும் வேண்டாம். கணிதம் படிக்கிற ஒவ்வொருவர் கையிலும் இது இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதையும், எப்படித் தொடங்குவது என்பதையும் சொல்கிறேன்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் சொல்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.

கால்குலேட்டருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கால்குலேட்டரில் 1ஐ 3ஆல் வகுத்தால் 0.333 என்று நீட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் வெட்டிவிடும். கணினியில் சாதாரண பைத்தானைத் திறந்து 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். கணினி தசம எண்களை இரண்டடிமான முறையில், குறிப்பிட்ட நீளத்துக்குள் வைத்திருப்பதால் வரும் விளைவு இது. பாலம் கட்டும் பொறியாளருக்கு இந்தச் சிறு பிழை பெரிய விஷயமில்லை. கணிதம் படிக்கிறவருக்கு 0.3 வேறு, அது வேறு.

நான் சொல்லும் மென்பொருளுக்குக் கணினி இயற்கணித மென்பொருள் என்று பெயர். அது பின்னத்தைப் பின்னமாகவே வைத்துக்கொள்ளும். √2ஐ √2 என்றே வைத்துக்கொள்ளும். பை என்றால் பைதான், 3.14 அல்ல. எக்ஸ், ஒய் என்று தெரியாத எண்களையும் எழுத்தாகவே வைத்துக் கூட்டும், பெருக்கும், காரணிப்படுத்தும், வகையிடும், தொகையிடும். 100 தொடர்பெருக்கம் கேட்டால் 158 இலக்கங்களையும் ஒன்றுவிடாமல் எழுதிக்காட்டும்.

நம் முன்னோர் பின்னத்தில் இந்தத் துல்லியத்தைக் கைவிட்டதில்லை. ஒரு மா என்றால் இருபதில் ஒன்று. ஒரு காணி என்றால் எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று. இந்த வகை மென்பொருள்களில் ஒன்றான மேக்சிமாவில் 1/20 + 1/80 என்று தட்டுங்கள், 1/16 என்றே விடை வரும். முந்திரி என்ற முந்நூற்றிருபதில் ஒன்று வரைக்கும் வாய்ப்பாடாக மனப்பாடம் செய்த ஊர் இது. பின்னத்தைப் பின்னமாகவே நடத்தும் கருவி நமக்கு அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

முதலில் மேக்சிமா

ஒன்றே ஒன்றைத்தான் நிறுவப்போகிறீர்கள் என்றால் மேக்சிமாவை நிறுவுங்கள். உங்கள் கணினியில் உள்ள லினக்ஸ் டெபியன், உபுண்டு, மின்ட் எதுவாக இருந்தாலும் (லினக்ஸ் இல்லாதவர்களுக்குப் பின்னால் சொல்கிறேன்) டெர்மினலைத் திறந்து 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று தட்டி, பக்கத்தில் 'டபிள்யூஎக்ஸ்மேக்சிமா' என்று சேர்த்தால் போதும். அதற்குத் தேவையான மற்ற எல்லாவற்றையும் லினக்ஸ் தானே இறக்கிக்கொள்ளும். டெர்மினலே வேண்டாம் என்றால் 'சாஃப்ட்வேர் மேனேஜரில்' தேடியும் நிறுவலாம்.

திறந்ததும் வெள்ளைத் தாள் மாதிரி ஒரு பக்கம் வரும். கணக்கைத் தட்டிவிட்டு ஷிஃப்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்த வேண்டும். வெறும் என்டர் அடுத்த வரிக்குத்தான் போகும். புதிதாக வருகிற பலர் இங்கேதான் தடுமாறி மூடிவிடுகிறார்கள். கட்டளை நினைவில் இல்லையென்றால் மேலே மெனுவில் தொகையிடல், சமன்பாடு தீர்த்தல், அணி எல்லாம் இருக்கின்றன. மெனுவில் தேர்ந்தெடுத்தால் அதற்கான கட்டளையை அதுவே எழுதிக்காட்டும். அதைப் பார்த்துப் பார்த்தே கட்டளைகள் பழகிவிடும்.

மேக்சிமாவின் வரலாறு தெரிந்துகொள்ள வேண்டியது. 1968இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மேக்சைமா என்ற பெயரில் தொடங்கிய ஆய்வுத் திட்டம் அது. 1982இல் இருந்து டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் வில்லியம் ஷெல்டர் அதன் ஒரு கிளையைத் தன்னந்தனியாகப் பராமரித்து வந்தார். 1998இல் அமெரிக்க எரிசக்தித் துறையிடம் அனுமதி பெற்று, ஜிபிஎல் உரிமத்தில் எல்லோருக்கும் பொதுவாக்கினார். 2001இல் அவர் காலமானார். அதன்பின் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் அதை விடாமல் எடுத்துச் செல்கிறார்கள். அரை நூற்றாண்டு தாண்டிய அந்த உழைப்புதான் ஒரே கட்டளையில் உங்கள் கணினிக்கு வந்து இறங்குகிறது.

வகுப்பில் நான் முதலில் காட்டுவது ஒரு சின்னக் கணக்கு. எக்ஸின் என் அடுக்கைத் தொகையிடச் சொல்வேன். பிள்ளைகள் எல்லோரும் உடனே விடை சொல்லிவிடுவார்கள்: அடுக்கில் ஒன்று கூட்டி, அதே எண்ணால் வகு. மேக்சிமா அப்படி உடனே சொல்லாது. 'என் என்பது -1க்குச் சமமா?' என்று திருப்பிக் கேட்கும்.

"மேம், அது நம்மகிட்டயே கேள்வி கேக்குது!"

ஆமாம், கேட்கத்தான் வேண்டும். அடுக்கு -1 என்றால் விடை மடக்கை. மற்ற எல்லா எண்ணுக்கும் நாம் மனப்பாடம் செய்த சூத்திரம். புத்தகத்தில் சூத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நிபந்தனை அச்சடித்திருக்கும். தேர்வில் அதை யாரும் எழுதுவதில்லை. மேக்சிமா அந்த நிபந்தனையை விடுவதில்லை. இன்னொன்று: எக்ஸ் வர்க்கத்துக்கு வர்க்கமூலம் கேளுங்கள். பிள்ளைகள் எக்ஸ் என்று எழுதுவார்கள். மேக்சிமா எக்ஸின் மட்டு மதிப்பு என்று எழுதும். எக்ஸ் குறை எண்ணாக இருந்தால் என்ன ஆகும் என்று அது யோசித்திருக்கிறது.

தொடக்கநிலை மாணவருக்கு இது தரும் பெரிய நன்மை இந்தக் கண்டிப்புதான். விடை சீக்கிரம் கிடைப்பது இரண்டாவது.

பதில் வராத இடங்களும் பாடம்தான். எக்ஸின் ஐந்தாம் அடுக்கு, கழித்தல் எக்ஸ், கழித்தல் 1, சமம் 0 என்ற சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னால், மேக்சிமா அதே சமன்பாட்டைத் திருப்பிக் கொடுக்கும். பழுதில்லை. கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம் போன்றவற்றை மட்டும் வைத்து அந்தச் சமன்பாட்டின் தீர்வை எழுதவே முடியாது. ஏபெலும் கல்வாவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் திறந்துவிட்ட பாதை அது. எண்ணாக விடை வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டளை உண்டு. 'எழுத முடியாது' என்பதற்கும் 'விடை இல்லை' என்பதற்கும் உள்ள இடைவெளியை இதைவிடத் தெளிவாகக் கரும்பலகையில் காட்ட எனக்கு வழி தெரியவில்லை.

ஒரு பழக்கத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். மேக்சிமா தொகையிட்டுக் கொடுத்ததை அப்படியே நோட்டில் எழுதாதீர்கள். வந்த விடையை வகையிடச் சொல்லுங்கள், தொடக்கத்தில் கொடுத்ததை அதிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள், சுருக்கச் சொல்லுங்கள். பூச்சியம் வந்தால் சரி. எந்த மென்பொருளிலும் பிழை இருக்கலாம். சரிபார்க்கும் வேலை எப்போதும் நம்முடையது.

பாரி-ஜிபி: கும்பகோணத்துக்காரரின் கணக்குகள்

எண் கணிதம் பிடித்தவர்களுக்குப் பாரி-ஜிபி. பிரான்சின் போர்தோவில் ஆன்றி கோஹனும் அவருடைய கூட்டாளிகளும் 1980களின் நடுவில் தொடங்கியது. மிகச் சிறியது, மிக வேகமானது. டெர்மினலில் 'ஜிபி' என்று தட்டினால் ஒரு கேள்விக்குறி வந்து நிற்கும். அதற்குப் பக்கத்தில் கணக்கைத் தட்ட வேண்டியதுதான்.

இதில் நான் எப்போதும் ராமானுஜனிடமிருந்து தொடங்குவேன். நம் காவிரிக் கரையில், கீழே கும்பகோணத்தில் சிலேட்டும் பலப்பமும் வைத்துக்கொண்டு அவர் போட்ட கணக்குகளை நம்மால் கணினியில் தொட்டுப் பார்க்க முடிகிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

4 என்ற எண்ணை மிகை முழு எண்களின் கூட்டலாக எத்தனை வகையில் எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து வகை. இதுதான் பிரிவினை எண். 200க்கு எத்தனை? 1918இல் ஹார்டியும் ராமானுஜனும் வெளியிட்ட கட்டுரையில் அதைக் கணக்கிட ஒரு சூத்திரம் தந்தார்கள். அது சரியா என்று பார்க்க மேஜர் மக்மஹோன் என்பவர் 1 முதல் 200 வரை எல்லாப் பிரிவினை எண்களையும் கையாலேயே கணக்கிட்டுக் கொடுத்தார். 200க்கு உரிய விடை 39,72,99,90,29,388. சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டினாலே அதே எண், தசமத்துக்குப் பின்னால் மிகச் சிறிய மீதியுடன் வந்தது. ஜிபியில் 'நம்ப்பார்ட்' என்று தட்டி அடைப்புக்குள் 200 போடுங்கள். என்டர் அழுத்திய விரலை எடுப்பதற்குள் மக்மஹோனின் எண் திரையில் இருக்கும்.

இப்போது 4, 9, 14, 19, 24 என்று ஐந்தைந்தாகத் தாவும் எண்களின் பிரிவினை எண்களைக் கேளுங்கள். 5, 30, 135, 490, 1575 என்று வரும். எல்லாமே ஐந்தால் வகுபடும். மக்மஹோனின் பட்டியலைப் பார்த்தபோதுதான் ராமானுஜன் கண்ணில் இது பட்டது. பிறகு நிரூபித்தும் காட்டினார். பட்டியலைப் பார்த்து ஒழுங்கைக் கண்டுபிடிப்பது, பிறகு நிரூபிப்பது: கணிதம் நடக்கும் விதமே இதுதான். அந்தப் பட்டியலை ஒரு பி.எஸ்சி. மாணவி இப்போது ஒரு வரிக் கட்டளையில் தானே தயாரிக்கலாம். ராமானுஜனின் டாவ் சார்புக்கு ஜிபியில் அவர் பெயரிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. 1, -24, 252, -1472, 4830 என்று அது தரும் எண்களை வைத்து, இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கினால் ஆறாவது வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். -6048 வரும். ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

துல்லியத்தின் அருமை தெரிய இன்னொன்று. 1914இல் ராமானுஜன் எழுதிய பை பற்றிய கட்டுரையில், இ என்ற எண்ணை பை பெருக்கல் √58 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் கிட்டத்தட்ட முழு எண் வரும் என்று காட்டினார். அது 24591257751.99999982 என்று போகிறது. சாதாரணத் தசமக் கணக்கில் இந்தக் கடைசி இலக்கங்களை நம்ப முடியாது. பதினாறு இலக்கத்தோடு அதன் பிடி தளர்ந்துவிடும். ஜிபியில் ஐம்பது இலக்கத் துல்லியம் வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டுக் கேட்டால் முழுதாகக் காட்டும்.

அதே கட்டுரையில் பையின் தலைகீழுக்கு ராமானுஜன் கொடுத்த தொடர் ஒன்று இருக்கிறது. 1103, 26390, 396 என்ற எண்கள் வருமே, அதுதான். முதல் உறுப்பை மட்டும் எடுத்தாலே பை ஆறு தசம இடம் வரை சரியாக வரும், இரண்டாவதையும் சேர்த்தால் பதினைந்து இடம். 1985இல் பில் கோஸ்பர் இந்தத் தொடரை வைத்தே பையை 1 கோடியே 75 லட்சம் இலக்கங்களுக்கு மேல் கணக்கிட்டார். அந்தத் தொடருக்கு முழு நிரூபணம் அப்போது வெளிவந்திருக்கவில்லை. போர்வெயின் சகோதரர்கள் 1987இல் தந்தார்கள். இதே கோஸ்பர் தொடர்களின் கூட்டுத்தொகை காண வகுத்த முறை மேக்சிமாவுக்குள்ளும் வேலை செய்கிறது. கும்பகோணத்துச் சிலேட்டும் நம் லேப்டாப்பும் இவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன.

ஆனால் சரிபார்ப்பது நிரூபணம் ஆகாது என்பதையும் கையோடு சொல்லிக்கொடுக்க வேண்டும். 1919இல் போல்யா என்ற பெரிய கணித மேதை, எண்களின் பகாக் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பதைப் பற்றி ஓர் ஊகம் சொன்னார். எத்தனை லட்சம் எண்களுக்குப் பார்த்தாலும் அது சரியாகவே வந்தது. 90,61,50,257 என்ற எண்ணில்தான் முதன்முதலாகத் தவறுகிறது. கோடிக்கணக்கான எண்களுக்குச் சரி என்றாலும், தேற்றம் என்று சொல்ல நிரூபணம் வேண்டும்.

தமிழ் எழுத்தில் சமன்பாடு

பைத்தான் ஏற்கெனவே தெரிந்த பிள்ளைகள் நிறையப் பேர். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் அது இருக்கிறது. அவர்களுக்குச் சிம்பை பொருத்தம். பைத்தானுக்குள்ளேயே ஓடும் இயற்கணித நூலகம் அது.

அதில் எனக்குப் பிடித்த வசதி, மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பைத்தான் மூன்றாம் பதிப்பு யூனிகோட் எழுத்துகளைப் பெயராக ஏற்றுக்கொள்ளும். உயிர்மெய்யும் புள்ளியும் வைத்த சொற்களும் போகும். நான் கொடுக்கும் கணக்கு நம் பக்கத்துக் கணக்கு. வாய்க்கால் ஓரம் ஒரு நிலம். வாய்க்கால் பக்கம் வேலி வேண்டாம், மற்ற மூன்று பக்கமும் கம்பி வேலி. கையில் 200 மீட்டர் கம்பி. அதிகப் பரப்பு கிடைக்க எப்படி வளைப்பது? 'அகலம்' என்று ஒரு மாறி. நீளம் 200இலிருந்து இரண்டு அகலத்தைக் கழித்தது. 'பரப்பு' இரண்டின் பெருக்கல். பரப்பை அகலத்தைப் பொறுத்து வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமன் செய்தால் அகலம் 50, நீளம் 100, பரப்பு 5000 சதுர மீட்டர். ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு.

திரையில் 'அகலம்', 'பரப்பு' என்று நம் எழுத்தில் சமன்பாடு நிற்பதைப் பார்த்ததும் தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளின் முகத்தில் ஒரு தெளிவு வரும். ஆங்கிலத்தோடும் கணிதத்தோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அந்தத் தெளிவுக்காகவே இதை நான் விடாமல் காட்டுகிறேன்.

குலங்கள், அணிகள், எல்லாம் சேர்ந்த சேஜ்

நவீன இயற்கணிதத் தாள் படிப்பவர்களுக்கு காப் என்ற மென்பொருள் இருக்கிறது. குலங்களுக்கென்றே உருவானது. லக்ராஞ்சியின் தேற்றத்தின் மறுதலை தவறு என்பதற்கு எல்லாப் புத்தகமும் ஒரே உதாரணம்தான் தரும்: 12 உறுப்புகள் உள்ள ஏ-4 குலத்துக்கு 6 உறுப்புகள் உள்ள உட்குலம் கிடையாது. காப்பில் ஏ-4இன் உட்குலங்கள் அத்தனையையும் பட்டியலிட்டு நீங்களே தேடிப் பார்க்கலாம். எண் வழி அணிக் கணக்குகளுக்கு ஆக்டேவ். மாட்லாப் மொழியிலேயே பெரும்பாலும் எழுதலாம் என்பதால் பொறியியல் பிள்ளைகளுக்கும் உதவும்.

மேலே சொன்ன மேக்சிமா, பாரி, காப், சிம்பை எல்லாவற்றையும் ஒரே பைத்தான் கூரைக்குள் கொண்டுவந்தது சேஜ்மேத். அமெரிக்கக் கணிதவியலர் வில்லியம் ஸ்டைன் 2005இல் தொடங்கியது. சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் அம்ரிதான்ஷு பிரசாத் போன்றவர்கள் அதற்குப் பங்களித்திருக்கிறார்கள். அதாவது அந்த மென்பொருளின் ஒரு பகுதி நம் மாநிலத்திலேயே எழுதப்பட்டது.

சேஜுக்கு வட்டில் சில கிகாபைட் இடம் வேண்டும், நினைவகமும் கொஞ்சம் தாராளமாக வேண்டும். டெபியன் 12இல் வழக்கமான முறையில் நிறுவலாம். சில புதிய பதிப்புகளின் கிடங்கில் அது இல்லை. அங்கே கோண்டா-ஃபோர்ஜ் வழியாக நிறுவுங்கள். பழைய லேப்டாப் என்றால் சேஜை விட்டுவிடுங்கள். மேக்சிமா, ஜிபி, காப் மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொண்டாலே இளநிலைப் படிப்பு முழுக்கப் போதும்.

அந்தப் பழைய லேப்டாப்

2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கிறதா? பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸ். டெபியனை அடிப்படையாகக் கொண்டது. கணினியைத் திறந்ததும் எது வேண்டும் என்று கேட்கும். பெரும்பாலான வீடுகளில் இரண்டாவதை யாரும் தொட்டதே இல்லை. தொட்டிருந்தால் அன்றைக்கே பிள்ளைகள் கையில் ஒரு கணித ஆய்வுக்கூடம் இருந்திருக்கும்.

இப்போது அதற்கு இன்னொரு வாய்ப்பு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்புகள் பெரும்பாலானவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. பரணில் தூக்கிப் போடாதீர்கள். எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான முகப்போடு டெபியனோ லினக்ஸ் மின்ட்டோ போட்டுக்கொள்ளுங்கள். 2 கிகாபைட் நினைவகமே உள்ள கணினியிலும் மேக்சிமாவும் ஜிபியும் தாராளமாக ஓடும். ஒன்று மட்டும் கவனம்: 32 பிட் செயலி என்றால் டெபியன் 13ஐ நிறுவ முடியாது; டெபியன் 12ஐப் போடுங்கள், அதற்கு 2028 வரை பாதுகாப்பு ஆதரவு உண்டு. நிறுவும் முன் போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் வேறொரு வட்டில் எடுத்து வைத்துவிடுங்கள்.

'மேக்சிமா விண்டோஸிலும் ஓடுமே, லினக்ஸ் எதற்கு?' என்று கேட்பவர்களுக்கு: ஓடும், தாராளமாக அங்கேயே தொடங்குங்கள். ஆனால் லினக்ஸில் எல்லா மென்பொருளும் ஒரே கிடங்கிலிருந்து, ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வரும். சேஜுக்கு விண்டோஸில்கூட ஒரு லினக்ஸ் அடுக்கைப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். பழைய இயந்திரத்தில் இயங்குதளமே நினைவகத்தைத் தின்றுவிட்டால் கணக்குக்கு மிச்சமிருக்காது. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமும் தேவையில்லை; லால்குடியிலிருந்து கொள்ளிடப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வருவதற்குள் ரயிலிலேயே ஒரு பயிற்சியை முடித்துவிடலாம்.

நிரல் திறந்திருப்பது ஏன் முக்கியம்?

காசு மிச்சம் என்பது நல்ல காரணம்தான். நான் முன்பு பணியாற்றிய ஓர் இடத்தில் விலை கொடுத்து வாங்கிய கணித மென்பொருளின் உரிமத்தைப் புதுப்பிக்க நிதி வரவில்லை. பிள்ளைகள் செய்துவைத்த புராஜெக்ட் கோப்புகளை அவர்களாலேயே திறக்க முடியாமல் போனது. படித்த இடத்தை விட்டு வெளியே வந்ததும் கருவியும் போய்விட்டால், கற்றதில் பாதி போனதாகத்தான் அர்த்தம்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. காப் மென்பொருளை 1986இல் ஜெர்மனியின் ஆஹனில் தொடங்கிய யோவாகிம் நொய்பியூசர் அதைத் தெளிவாக வாதிட்டிருக்கிறார். சைலோவின் தேற்றத்தையும் அதன் நிரூபணத்தையும் நூலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், வாழ்நாள் முழுக்கக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். கணினி இயற்கணித மென்பொருளுக்கு மட்டும் ஏன் பூட்டு? உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாத பெட்டியின் விடையை எப்படிக் கணிதமாக ஏற்பது?

நம் வகுப்பில் விடை மட்டும் எழுதினால் மதிப்பெண் தருகிறோமா? படிகளைக் காட்டு என்கிறோம். மென்பொருளிடமும் அதையே கேட்க வேண்டும். மேக்சிமாவின் லிஸ்ப் நிரல் முழுக்கத் திறந்திருக்கிறது. பிழை கண்டால் எல்லோரும் பார்க்கும்படி பதிவு செய்யலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவர்க்குக் கொடுக்கலாம். கணித உலகின் அறமும் இதுதான்.

இனி நாம் செய்ய வேண்டியது

தமிழில் கற்க ஓரளவு வழி இருக்கிறது. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ், சைலாப், ஜியோஜீப்ரா போன்றவற்றுக்குத் தமிழ்க் குரலில் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2012இலிருந்து வரும் கணியம் மின்னிதழும் அதன் 'எளிய தமிழில்' நூல் வரிசையும் லினக்ஸுக்கும் நிரலாக்கத்துக்கும் நல்ல துணை. மாநிலப் பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்ற கட்டத்தில் ஜியோஜீப்ரா பயிற்சிகள் இருக்கின்றன. பிள்ளைகள் அங்கேயே இந்த உலகத்தின் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். மேக்சிமாவுக்கும் பாரிக்கும் நல்ல, முழுமையான தமிழ்க் கையேடுதான் வேண்டும். கல்லூரிப் பாடத்தின் வரிசைப்படி, நம் தேர்வுக் கணக்குகளை வைத்தே யாராவது எழுத வேண்டும். நான் என் வகுப்புக் குறிப்புகளை அதற்காகத் தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். சேர்ந்து செய்ய விரும்புகிறவர்கள் வாருங்கள்.

திருச்சிப் பக்கத்துக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1937இல் பிரான்சிலிருந்து வந்த ரசீன் பாதிரியார் முதலில் பாடம் நடத்தியது நம் செயின்ட் ஜோசப் கல்லூரியில். பிறகு சென்னை லயோலாவுக்குப் போய், அன்றைய புதிய பிரெஞ்சுக் கணிதத்தை நம் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினார். நரசிம்மன், சேஷாத்ரி போன்றவர்கள் அவரிடம் பயின்று உலகப் பெயர் பெற்றார்கள். புதியதை வகுப்புக்குக் கொண்டுவர ஓர் ஆசிரியர் மனது வைத்தால் போதும். வாரத்துக்கு ஒரு வகுப்பை ஆய்வகத்தில் வையுங்கள். கையால் போட்ட கணக்கை மேக்சிமாவில் சரிபார்க்கச் சொல்லுங்கள், மேக்சிமா தந்ததைக் கையால் நிரூபிக்கச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றை விட்டாலும் பயனில்லை.

மாணவர்களே, உங்களுக்கு ஒன்றுதான். இந்த வாரமே மேக்சிமாவை நிறுவுங்கள். எக்ஸின் என் அடுக்கைத் தொகையிடச் சொல்லுங்கள். அது கேட்கும் கேள்விக்கு 'எஸ்' என்று ஒருமுறை, 'நோ' என்று ஒருமுறை பதில் கொடுத்து, இரண்டு விடையும் ஏன் வேறு என்பதை நோட்டில் எழுதுங்கள். நிறுவுவதில் சிக்கல் வந்தால், எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, திரையில் வந்த பிழைச் செய்தி என்ன என்ற மூன்றையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். பதில் சொல்கிறேன்.